பொருளாதார சிந்தனை வரலாறு: மதுரையில இருந்துக்கிட்டே சொந்தமா படிக்கிறது எப்படி

எகனாமிக்ஸ்ல பிஏ எம்ஏ படிக்கிறவங்க, யூபிஎஸ்சிக்கு தயார் பண்றவங்க, சும்மா ஆர்வத்துல படிக்கிறவங்க, எல்லாருக்கும் இந்த பாடம் ஒரே மாதிரிதான் வந்து சேருது. ஒரு பேரு, ஒரு வருசம், ஒரு புத்தகம், "இன்னாருதான் தந்தை"ன்னு ஒரு பட்டம். மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தா பரீட்சை முடிஞ்ச மறுநாளே எல்லாம் போயிருது. இவ்வளவு சுவாரசியமான ஒரு சண்டைய இப்படி சப்புன்னு ஆக்கி வச்சிருக்காங்களேன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம், அதனாலதான் இம்புட்டு நீளமா எழுதுறேன்.

நான் சொல்ற வழி இதுதான். பேர புடிச்சு படிக்காதீங்க, கேள்விய புடிச்சு படிங்க. நம்ம ஊர்ல கண்ணு முன்னாடி நடக்குற ஒரு கேள்விய எடுத்துக்கிட்டு, அதே கேள்விய பழைய பொருளாதார அறிஞருங்க ஸ்மித்கிட்டயும் ரிக்கார்டோகிட்டயும் மார்க்ஸ்கிட்டயும் மார்ஷல்கிட்டயும் வரிசையா கொண்டுபோய் கேளுங்க. ஒவ்வொருத்தரும் எங்க பிரியிறாங்க, எதுக்கு பிரியிறாங்கன்னு அப்பதான் தெரியும். அப்புறம் இன்னொன்னும் கேளுங்க, இவரு இத எழுதும்போது அவர் முன்னாடி என்ன பிரச்சினை இருந்துச்சு, யாரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாருன்னு. இந்த ரெண்டும் இருந்தா கைடு வாங்க வேண்டியதில்ல.

முதல் கேள்விக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு போங்க. வெள்ளனவே போகணும், விடிஞ்சு வெயில் ஏறிட்டா ஏவாரம் பாதி முடிஞ்சிரும். சாதாரண நாள்ல கிலோ சில நூறு ரூபாய்க்கு போற மல்லி, முகூர்த்த நாளைக்கு முந்தின நாள் ஆயிரத்த தாண்டி நிக்கும், மார்கழி தை பனியில வரத்து கொறஞ்சா இன்னும் மேல போகும். வெல இறங்கிருச்சுன்னா சென்ட் பேக்டரிக்கு போகும். நேத்து பூவ இன்னைக்கு விக்க முடியாது, இதுதான் முக்கியமான விசயம். கமிஷன் கடையில நின்னு பாருங்க, விவசாயி மூட்டைய எறக்குறாரு, எடை போடுறாங்க, சீட்டு எழுதுறாங்க, பல பேரு அந்த கடையிலயே முன்பணம் வாங்கியிருப்பாங்க, அதனால வேற கடைக்கு கொண்டுபோக முடியாது. இதையெல்லாம் நோட்டுல எழுதிக்குங்க. கேள்வி ரொம்ப சிம்பிள்: அந்த ஒரு நாள்ல வெல ஏன் ஏறுச்சு, ஏறுன காசு யாருக்கு போச்சு?

இப்ப ஆடம் ஸ்மித்த எடுங்க. 1776ல வந்த "வெல்த் ஆஃப் நேஷன்ஸ்" முழுசையும் படிக்கணும்னு உக்காந்தீங்கன்னா நடக்காது, ரொம்ப பெருசு. முதல் புத்தகத்துல ஏழாவது அத்தியாயம் மட்டும் போதும். அதுல இயற்கை விலை, சந்தை விலைன்னு ரெண்டா பிரிக்கிறாரு. குத்தகை, கூலி, லாபம் மூணையும் வழக்கமான அளவுல குடுக்குற அளவுக்கு வெல இருந்தா அது இயற்கை விலை. அன்னன்னைக்கு சரக்கு எவ்வளவு வந்துருக்கு, காசு குடுத்து வாங்க தயாரா எவ்வளவு பேரு இருக்காங்கங்கறத வச்சு வர்றது சந்தை விலை. அங்க ஒரு உதாரணம் குடுப்பாரு, நாட்டுல ஒரு பெரிய துக்கம்னா கருப்பு துணி வெல ஏறுது. துணி கையில வச்சிருக்க ஏவாரிக்கு லாபம், ஆனா நெசவாளி கூலி ஏறாது, ஏன்னா துணி ஏற்கனவே நெய்து முடிச்சது. தையக்காரன் கூலி ஏறும், ஏன்னா அந்த வேல இனிமேதான் நடக்கணும். இத படிச்சிட்டு மறுபடியும் மார்க்கெட்டுக்கு போயி ஒரே ஒரு விசயம் விசாரிங்க, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பூ பறிக்கிற கூலி ஏறுச்சா, மாலை கட்டுற கூலி ஏறுச்சா? கருப்பு துணி கணக்கு மல்லிக்கு அப்படியே ஒத்து வருதா, எந்த எடத்துல ஒத்து வரல? பறிக்கிற வேலையும் விடிகாலையிலதான் நடக்குது, அது நெசவு மாதிரி முன்னாடியே முடிஞ்ச வேல இல்ல, அதனால யோசிக்க நிறைய இருக்கு. ஒரு வருசம் கிளாஸ்ல உக்காந்தாலும் கெடைக்காத தெளிவு இந்த விசாரிப்புல கெடைக்கும்.

ரிக்கார்டோ 1817ல எழுதுன "பிரின்சிபிள்ஸ் ஆஃப் பொலிட்டிகல் எகானமி" புத்தகத்துல முதல் அத்தியாயத்திலயே ஒரு விதிவிலக்கு சொல்லிட்டுதான் ஆரம்பிக்கிறாரு. அபூர்வமான சிலை, ஓவியம், பழைய புத்தகம் மாதிரி உழைப்ப கூட்டுனாலும் எண்ணிக்கைய கூட்ட முடியாத பொருளுக்கு தட்டுப்பாடு மட்டும்தான் வெலய முடிவு பண்ணும், மத்தபடி சந்தையில இருக்க பெரும்பாலான பொருளுக்கு உழைப்புதான் அடிப்படைன்னு. பனிக்காலத்து மல்லி இந்த ரெண்டுல எதுல சேரும்? வருசம் பூராவும் பாத்தா உழைப்ப கூட்டி கூட விளைவிக்கலாம், ஆனா அந்த ஒரு காலையில முடியாது. கேள்விக்குள்ள நேரம்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு இங்கதான் தெரியுது, அத மார்ஷல் கையில எடுப்பாரு.

அதுக்கு முன்னாடி 1871. அந்த ஒரே வருசத்துல இங்கிலாந்துல ஜெவன்ஸ், வியன்னாவுல மெங்கர், மூணு வருசம் கழிச்சு 1874ல சுவிட்சர்லாந்து லொசான்ல வால்ரா, ஒருத்தர பாத்து ஒருத்தர் எழுதாம கிட்டத்தட்ட ஒரே விசயத்த சொன்னாங்க. ஒரு பொருளோட மதிப்பு மொத்த பயன்ல இல்ல, கடைசியா சேர்ற அளவோட பயன்ல இருக்குன்னு. தண்ணி இல்லாம உயிரே இல்ல ஆனா சல்லிசு, வைரம் எதுக்கும் ஆகாது ஆனா கொள்ள வெலன்னு ஸ்மித் தூக்கிப்போட்ட புதிர் இதுலதான் அவிழுது. கல்யாண வீட்டுல பொண்ணு தலைக்கு வைக்கிற பூவுக்கு என்ன வெலன்னாலும் குடுப்பாங்க, வர்றவங்களுக்கு தாம்பாளத்துல வைக்கிற பூவுக்கு வெல ஏறுனா கிள்ளி கிள்ளி வைப்பாங்க. வெலய தீர்மானிக்கிறது அந்த தாம்பாளத்து பூதான்.

மார்ஷல் 1890ல வந்து ரெண்டு பக்கத்தையும் சேத்து வைக்கிறாரு. கத்தரிக்கோல்ல மேல் அலகு வெட்டுதா கீழ் அலகு வெட்டுதான்னு சண்ட போடுவீங்களா, அது மாதிரிதான் பயனா உற்பத்தி செலவாங்கற சண்டையும்னாரு. அவரோட "பிரின்சிபிள்ஸ் ஆஃப் எகனாமிக்ஸ்" நூல்ல அஞ்சாவது புத்தகத்துல மீன் மார்க்கெட்ட வச்சு நேரத்த பிரிப்பாரு, அன்னன்னைக்கு வந்த மீன் இவ்வளவுதான், கொஞ்ச நாள் குடுத்தா கெடக்குற பழைய படகையும் எறக்குவாங்க, வருசக்கணக்குல பாத்தா புது படகே கட்டுவாங்க. மீனுக்கு பதிலா மல்லி போட்டுக்குங்க. இன்னைக்கு வந்த மூட்ட இவ்வளவுதான், சீசனுக்குள்ள பாத்தா உரம், தண்ணி, கவாத்து பண்ற நேரத்த மாத்தி கொஞ்சம் கூட்டலாம், வருசக்கணக்குல பாத்தா பக்கத்து காட்டுலயும் மல்லி போட்டுருவாங்க. மார்ஷல் புரிய இத விட நல்ல எடம் மதுரைய தவிர வேற எங்க இருக்கு?

மார்க்ஸ்கிட்ட இதே கேள்விய கொண்டுபோனா அவரு கேள்வியவே திருப்புவாரு. ஒரு நாள் வெல ஏறுறது மதிப்பு மாறுறது இல்ல, வெல மதிப்ப சுத்தி மேலயும் கீழயும் ஆடுது, அவ்வளவுதான். நீ பாக்க வேண்டியது அந்த முன்பண சீட்ட, அப்படிம்பாரு. 1867ல வந்த "மூலதனம்" முதல் தொகுதியில முதல் அத்தியாயத்துல ஆரம்பிச்சு தடுக்கி விழுந்தவங்க ஏகப்பட்ட பேரு. இங்கிலீஷ் பதிப்புல பத்தாவது அத்தியாயமா வர்ற வேலை நாள் பத்துன பகுதியில ஆரம்பிங்க, தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அறிக்கையெல்லாம் வச்சு எழுதியிருப்பாரு, கதை மாதிரி போகும். ஏவாரியோட மூலதனம், வட்டிக்கு விடுற மூலதனம் பத்தியெல்லாம் மூணாவது தொகுதியில இருக்கு, அது மார்க்ஸ் செத்த பிறகு 1894ல எங்கெல்ஸ் வெளியிட்டது. கமிஷன் கடை முன்பணத்துக்கு அங்கதான் போகணும். தமிழ்லயே மூலதனம் வந்துருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

பூ கேள்வி போதும். அடுத்தது நிலம்.

பெரியாறு பிரதான கால்வாய் பேரணையில ஆரம்பிச்சு வருது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதுக்கு அங்கிட்டு மேலூர் பக்கம் ஒருபோகம், தண்ணி கடைமடைக்கு வந்து சேருமான்னு ஒவ்வொரு வருசமும் போராட்டம். இருபோக நிலத்துல ஒரு ஏக்கர் குத்தகை என்ன, ஒருபோகத்துல என்ன, வானம் பாத்த பூமியில என்னன்னு மூணு ஊர்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா கேட்டு எழுதுங்க. எழுதிட்டு ரிக்கார்டோவோட ரெண்டாவது அத்தியாயத்த திறங்க. அவர் சொல்றது, நல்ல நிலத்துக்கும் கடைசியா உழவுக்கு வந்த மட்டமான நிலத்துக்கும் விளைச்சல்ல இருக்க வித்தியாசம்தான் குத்தகை. குத்தகை குடுக்குறதால தானிய வெல ஏறல, தானிய வெல ஏறுனதாலதான் குத்தகை குடுக்க முடியுதுன்னு ஒரே வரியில தலைகீழா திருப்பிருவாரு. எதுக்கு இத எழுதுனாரு? 1815ல இங்கிலாந்துல கோதுமை ஒரு குவார்ட்டருக்கு (அந்த கால தானிய அளவு) 80 ஷில்லிங் ஆகுற வரைக்கும் வெளிநாட்டு கோதுமைய உள்ள விடக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, நிலச்சுவான்தாருக்கு கொண்டாட்டம். அந்த சண்டைக்கு நடுவுல 1815 பிப்ரவரியில மால்தஸ், வெஸ்ட், டோரன்ஸ், ரிக்கார்டோ நாலு பேரும் சில வாரத்துக்குள்ள குத்தகை பத்தி எழுதித்தள்ளுனாங்க. அந்த சட்டம் 1846லதான் போச்சு.

ரிக்கார்டோ மண்ணோட ஆதி சக்தி, அழிக்க முடியாத சக்தி அப்படின்னு எழுதுறாரு. ஆனா மேலூர் நிலத்துக்கும் கள்ளந்திரி நிலத்துக்கும் நடுவுல இருக்க வித்தியாசம் மண்ணு போட்டதா? 1887ல இருந்து 1895 வரைக்கும் பென்னிகுயிக் தலைமையில கட்டுன அணை போட்டது, கால்வாய் எங்க வரைக்கும்னு சர்க்கார் கிழிச்ச கோடு போட்டது. அப்ப அந்த வித்தியாசம் யாருக்கு சேரணும்? இத நீங்களே ரெண்டு பக்கம் எழுதிப்பாருங்க, ரிக்கார்டோவோட வாதாடுற மாதிரியே எழுதுங்க.

இந்த எடத்துல ஒரு கிளை பிரியுது, கண்டிப்பா அது வழியா போகணும். ரிக்கார்டோவோட நண்பர் ஜேம்ஸ் மில் 1819ல லண்டன்ல கிழக்கிந்திய கம்பெனி ஆபீஸ்ல வேலைக்கு சேர்றாரு. அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் 1823ல சேந்து 1858 வரைக்கும் அங்கதான் வேல பாத்தாரு. மால்தஸ் 1805ல இருந்து, பின்னாடி ஹெய்லிபரிக்கு போன கம்பெனி கல்லூரியில வாத்தியார், இந்தியாவுக்கு வர்ற அதிகாரிங்க அவர்கிட்ட படிச்சிட்டுதான் கப்பல் ஏறுனாங்க. செலவு போக நிலத்துல மிஞ்சுற நிகர விளைச்சல கணக்கு போட்டு அதுல ஒரு பங்க சர்க்கார் தீர்வையா, அதாவது நிலவரியா, வாங்கிக்கலாம், குத்தகைதானே, விவசாயிக்கு பாதிப்பு இல்லன்னு ஒரு கொள்கை. மால்தஸ்கிட்ட படிச்ச பிரிங்கிள்ங்கற அதிகாரி 1820கள் கடைசியில பூனா பக்கம் அத அளந்து பாக்க போயி அந்த தீர்வை முறையே நொறுங்கி போச்சு. நம்ம பாடப்புத்தகத்துல ரிக்கார்டோ ஒரு பக்கம், நிலவரி வரலாறு வேற பேப்பர்ல. ரெண்டையும் சேத்து படிக்காட்டி ரெண்டுமே புரியாது.

மூணாவது கேள்வி பஞ்சம். இதுக்கு அவசரப்படாதீங்க, நிதானமா படிங்க.

ஸ்மித் நாலாவது புத்தகத்துல அஞ்சாவது அத்தியாயத்துல தானிய ஏவாரம் பத்தி தனியா நீளமா எழுதியிருக்காரு. தானிய ஏவாரி வெலய ஏத்துறதால ஜனங்க கொறைச்சு சாப்பிட்டு அடுத்த அறுவடை வரைக்கும் இருப்பு தாங்குது, சர்க்கார் வெலய அமுக்குனா தட்டுப்பாடு பஞ்சமா மாறிரும்னு வாதம். அங்கயே வங்காளத்த பத்தியும் சொல்றாரு, அங்க வறட்சி பஞ்சமா மாறுனதுக்கு கம்பெனி ஆளுங்க அரிசி ஏவாரத்துல போட்ட முட்டாள்தனமான கட்டுப்பாடும் ஒரு காரணமா இருக்கலாம்னு. 1770 பஞ்சத்த தான் சொல்றாரு. அதாவது அந்த எடத்துல கம்பெனியத்தான் குத்தம் சொல்றாரு.

நூறு வருசம் கழிச்சு 1876ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல பஞ்சம், நம்ம மதுரை சீமையும் அதுல அடக்கம். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு தானியம் வாங்கி இருப்பு வச்சாரு, வைஸ்ராய் லிட்டன் சர்க்கார் தனியார் ஏவாரத்துல தலையிடாதேன்னு கண்டிச்சுச்சு. ரிச்சர்ட் டெம்பிள்னு ஒருத்தர அனுப்புனாங்க, அவரு நிவாரண வேலை பாக்குற ஆம்பள ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு கூலிய கொறச்சாரு. அரை கிலோவுக்கும் கம்மி, அத தின்னுட்டு நாள் பூரா மண்ணு வெட்டணும். மெட்ராஸ் சுகாதார கமிஷனர் கார்னிஷ் இது ஆளக் கொல்லும்னு எதுத்து எழுதிக்கிட்டே இருந்தாரு. ஸ்மித் கம்பெனிய குத்தம் சொல்லவும் எடுத்துக்கிட்ட வாதம், கம்பெனி வாரிசுங்க கையில ஏழைக்கு கஞ்சி ஊத்தாம இருக்கறதுக்கு சாக்கா மாறுன கதை இது. பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியில மட்டும் சுமாரா 50 லட்சம் பேருக்கு மேல செத்தாங்கன்னு அவங்க கமிஷனே கணக்கு சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் 1880ல பஞ்ச கமிஷன் அறிக்கை, 1883ல பஞ்ச சட்டத்தொகுப்பு எல்லாம்.

அப்ப ஸ்மித்தோட வாதத்துல ஓட்டை எங்க? இத அமர்த்தியா சென் 1981ல பஞ்சம் பத்தி எழுதுன புத்தகத்துல காட்டுறாரு. வெல ஏறுனா கொறைச்சு சாப்பிடுவான்னு சொல்லலாம், ஆனா கூலி வேலையே போயிட்டவன்கிட்ட காசே இல்லைன்னா அவன் சந்தையிலேயே இல்ல. கூலிக்காரன், நெசவாளி, மீன் புடிக்கிறவன் இவங்களுக்குத்தான் சோத்து மேல இருக்க உரிமை மொதல்ல அறுந்து போகுது, குடோன்ல அரிசி இருந்தாலும். ஸ்மித், டெம்பிள், சென் மூணையும் ஒரே வாரத்துல அடுத்தடுத்து படிங்க, இந்த முழு பாடத்துலயும் இத விட முக்கியமான வாரம் கெடையாது.

கீன்ஸ் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். 1906ல இருந்து 1908 வரைக்கும் லண்டன் இந்தியா ஆபீஸ்ல வேல பாத்தவரு, முதல் புத்தகமே 1913ல இந்திய நாணயம் பத்தினதுதான், இந்தியாவுக்கு வந்ததே இல்ல. 1936ல வந்த "ஜெனரல் தியரி" புத்தகத்துல பன்னெண்டாவது அத்தியாயம் முதல்ல படிங்க. செல்லூர்ல தறி இருக்கு, ஓட்ட ஆள் இருக்கு, நூலும் இருக்கு, ஆனா ஆர்டர் இல்லாம தறி நிக்குதுன்னா அந்த நிலைமைக்கு முன்னாடி இருந்தவங்க என்ன பதில் சொன்னாங்க, இவர் என்ன சொல்றாருன்னு ஒப்பிட்டு பாத்தா போதும்.

நம்மாளுங்கள எங்க வைக்கிறதுன்னு பல பேருக்கு குழப்பம் இருக்கு. ஒரு பக்கம் ஒண்ணுமே இல்லம்பாங்க, இன்னொரு பக்கம் எல்லாத்தையும் நாமதான் முதல்ல சொன்னோம்பாங்க. ரெண்டும் வேண்டாம், பாட்ட படிங்க. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு சொன்னது புறநானூறு 184. விளைஞ்ச நெல்ல அறுத்து கவளமா குடுத்தா ஒரு மா (பழைய நில அளவு) கூட நெறையாத நிலத்து நெல்லே யானைக்கு பல நாளைக்கு காணும், யானையே வயல்ல எறங்குனா நூறு வயலா இருந்தாலும் வாய்க்குள்ள போறத விட கால்ல மிதிபட்டு போறதுதான் அதிகம், வரியும் அப்படித்தான் வாங்கணும்னு. ஸ்மித் அஞ்சாவது புத்தகத்துல வரிக்கு நாலு விதி சொல்லுவாரு, நாலாவது விதி என்னன்னா கஜானாவுக்கு வந்து சேர்றத விட அதிகமா ஜனங்க பையில இருந்து போகக்கூடாது. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல எழுதி வைங்க. ஒண்ணு ராஜாவுக்கு புலவர் சொன்ன புத்தி, இன்னொன்னு ஒரு முழு அமைப்புக்குள்ள வர்ற விதி, அந்த வித்தியாசத்தையும் கூடவே எழுதுங்க. மதுரைக்காஞ்சியில நாளங்காடி (பகல் சந்தை) அல்லங்காடி (ராத்திரி சந்தை) வர்ற பகுதியையும் படிங்க, அது கொள்கை இல்ல, ஆனா சந்தை எப்படி இருந்துச்சுங்கறதுக்கு சாட்சி.

நவீன காலத்துல தாதாபாய் நௌரோஜி 1901, ரமேஷ் சந்திர தத் 1902, ஜி. சுப்பிரமணிய ஐயர் 1903, பிரிட்டிஷ் ஆட்சியில இந்திய பொருளாதாரம் பத்துன இந்த மூணு புத்தகமும் ஒண்ணா சேத்து படிக்க வேண்டியது. ஆனா நம்ம பக்கத்துக்காரங்க தவறவே விடக்கூடாத ஆளு ஜே.சி. குமரப்பா. 1892ல தஞ்சாவூர்ல பொறந்து, கொலம்பியாவுல செலிக்மன்கிட்ட பொது நிதி படிச்சிட்டு வந்து காந்தியோட சேந்தவரு. ஜெயில்ல இருக்கும்போது எழுதுன "எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்" 1945ல வந்துச்சு. அதுல ஒட்டுண்ணி, கொள்ளை, முயற்சி, கூட்டு, சேவைன்னு பொருளாதாரத்த அஞ்சு வகையா பிரிக்கிறாரு, தீந்து போற வளம், தீராத வளம்னு அவர் பிரிச்சு பேசுறத இன்னைக்கு படிச்சா மலைப்பா இருக்கும். கடைசி காலத்துல அவர் இருந்தது திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டியில, காந்தி நிகேதன் ஆசிரமத்துல. 1960 ஜனவரி 30ல காலமானாரு. மதுரையில எகனாமிக்ஸ் படிச்சவங்ககிட்ட குமரப்பா பேர சொன்னா பாதி பேரு யாருங்கறாங்க, இது மாறணும். பஸ்ல ஏறி ஒரு தடவ அங்க போயிட்டு வாங்க.

படிக்க எடம் பிரச்சினை இல்ல. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம் இருக்கு, 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் ரோட்டுல இருக்கு, தமுக்கத்துக்கு பக்கத்துலயே காந்தி மியூசியம் இருக்கு. ஸ்மித், ரிக்கார்டோ, மில், மார்ஷல், மார்க்ஸ் எல்லாமே நெட்ல இலவசம், ப்ராஜெக்ட் குட்டன்பெர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ்ல தேடுங்க. இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போதும், ஆனா மூலத்தையே படிங்க. ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்துல தமிழ்ல ஒரு வரி எழுதுங்க, இவரு இங்க யார மறுக்குறாருன்னு. சுருக்கம் எழுத வேண்டாம், யார மறுக்குறாருங்கறது மட்டும் போதும்.

படிச்சு முடிச்ச பிறகு இல்ல, படிக்கும்போதே செய்ய ஒரு வேல இருக்கு. 1915ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில இந்திய பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியரா வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில கேள்வித்தாள குடுத்து லீவுல சொந்த ஊர போயி கணக்கெடுங்கன்னு அனுப்புனாரு. 1918ல அது புத்தகமா வந்துச்சு, அதுல ஒண்ணு நம்ம பக்கத்து வடமலாபுரம், அப்ப ராமநாதபுரம் ஜில்லா. பின்னாடி பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊருகளுக்கு மறுபடியும் போயி 1940ல இன்னொரு புத்தகம் போட்டாங்க. நீங்க உங்க தெருவ எடுங்க. எத்தன வீடு, யாருக்கு நிலம், யாரு குத்தகை, குழு கடன் எவ்வளவு, கந்துவட்டி இருக்கா, போன வருசம் யாரு திருப்பூருக்கு போனா. வீட்டு வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க, பேர் போடாம நம்பர் மட்டும் போட்டு எழுதுங்க, ஏன்னா கடன் விசயம் வெளிய தெரிஞ்சா அவங்களுக்கு சங்கடம். அந்த நோட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு ரிக்கார்டோவுல குத்தகை அத்தியாயத்த இன்னொரு தடவ படிங்க, எந்த வீட்டுக்கு அது பொருந்துது எந்த வீட்டுக்கு பொருந்தலைன்னு ஓரத்துல நம்பர் போட்டுக்கிட்டே வாங்க.